இடது காதுக்கு எட்டும் தூரம்

கத்தரிக்காய் என்றேன். சொன்னேனா, வெறும் மூச்சைத்தான் விட்டேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, ஆனால் முன்னறைச் சுவரைப் பார்த்தபடி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு நிற்கிற என் மகள் பெனி உடனே "கத்தரிக்கா" என்றாள். கையிலிருந்த ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளினேன். தள்ளிய பிறகுதான் காய்கறிப் பேருக்கெல்லாம் மணி தள்ளலாமா என்று உறுத்தியது, தள்ளினதைத் திருப்பி இழுத்தால் அது இன்னும் பாவமோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டேன். "இன்னும் மெதுவாச் சொல்லும்மா, டாக்டர் இப்படிக் கத்த மாட்டாரு" என்றாள். நான் கத்துகிறேனாம். என் வீட்டில் மூன்று அறையும் ரயில்பெட்டி மாதிரி ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, கதவுகள் நேருக்கு நேர், அடுப்படியில் நின்றால் வாசல் சுவர் தெரியும். அதனால்தான் எதிர்வீட்டு மிலிட்டரிக்காரர் பெருமாள்சாமி அண்ணன் வந்து டேப் பிடித்து அளந்து அடுப்படித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். ஆறு மீட்டர். "இந்தக் கோட்டுல நின்னு ரகசியம் பேசு தங்கச்சி. ஒரு காதைப் பொத்திக்கிட்டு மறு காதால கேட்டு அது திருப்பிச் சொல்லணும். மாமியா மருமகளப் பத்திப் பக்கத்து வீட்டுல பேசுற சத்தம்தான் இருக்கணும், அதுக்கு மேல போச்சுன்னா அது பரீட்சையில்ல" என்றார். அப்போது சிரித்தோம். இப்போது ராணுவத்துக்கு ஆளெடுக்கிற இடத்துக்குப் போக இன்றைக்கு ராத்திரி ரயில். பை கட்டி நடு அறைக் கட்டிலில் இருக்கிறது, ரெண்டு துண்டு, சர்ட்டிபிகேட் உறை, ஓடுகிற செருப்பு, நான் மந்திரித்து வாங்கி வந்த எண்ணெய்ப் புட்டி, அதை அவள் ஒரு தடவை எடுத்து வெளியே வைத்தாள், நான் ஒரு தடவை எடுத்து உள்ளே வைத்தேன். தெருச் சத்தம் வரக்கூடாதென்று வாசல் கதவைச் சாத்தியாயிற்று. முன்னறை இருட்டிக்கிடக்கிறது. எங்கே நிற்கட்டும் என்று கேட்டபோது அவளேதான் திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் போய் நின்றாள், இங்கேயே நிக்கிறேம்மா என்றாள், ஜெபமாலை சொல்லும்போது ரெண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிக்குமுன்னே தூங்கி விழுகிற பிள்ளை, இன்றைக்கு ஆண்டவர் முகத்துக்கு முன்னால் தானாகப் போய் நிற்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முருங்கைக்காய் என்றேன். "முருங்கக்கா. வேற எதாவது சொல்லும்மா, சந்தைக்கா போறோம்?"

வேறு என்ன சொல்ல, எனக்குத் தெரிந்தது காய்கறியும் புனிதர்கள் பேரும்தான். அந்தோணியார் என்றேன். "அந்தோணியார்." காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவர். காணாமல் போகாமல் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. டாக்டர் இந்தியில் சொல்வாரோ, இங்கிலீஷில் சொல்வாரோ, நம்பர்தான் சொல்வார் என்று அண்ணன் சொன்னார், பெனி போனைப் பார்த்து இந்தியில் நூறு வரைக்கும் படித்து வைத்திருக்கிறாள், குளிக்கும்போது சொல்லிக்கொண்டே குளிக்கிறாள், என் வாயில் அது நுழையாது. எதையெல்லாம் பார்ப்பார்களாம்! மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதைவிட அதிகம் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பல்லை எண்ணுவார்கள், சொத்தை இருந்தால் அடைத்துவிட்டுப் போகணும், அடைத்தாயிற்று. முட்டியோடு முட்டி இடிக்கிறதா பார்ப்பார்கள். உள்ளங்கை வியர்க்கிறதா பார்ப்பார்கள். உள்ளங்கால் தட்டையாக இருக்கக்கூடாது, அதற்கு அண்ணன் ஒரு வழி சொன்னார், காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் வைத்துப் பார் என்று, பெனி நனைந்த காலோடு இந்த அடுப்படியில் நடந்து போனாள், நான் குனிந்து பார்த்தேன், குதிகாலும் விரல்களும் ஈரமாக, நடுவில் உள்வாங்கி ஒரு வளைவு காய்ந்த தரையாகவே இருந்தது, "பாஸ்ம்மா!" என்று குதித்தாள், நானோ அந்தத் தடங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்து மறைந்துகொண்டே வாசல் பக்கம் போனதைப் பார்க்க முடியாமல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி மொத்தத்தையும் கழுவிவிட்டேன். உயரம் நூற்று அறுபத்திரண்டு வேணும். அது அவளுக்கு ஒன்பதாவது படிக்கும்போதே இருந்தது. கோயிலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் நின்றால் பின்னால் இருக்கிறவர்களுக்குப் பீடம் தெரியவில்லை என்பார்கள், இந்த ஒட்டகச்சிவிங்கிக்கு மாப்பிள்ளையை எங்கே போய்த் தேடுவே அமலோற்பவம் என்று என்னைக் கேட்காத ஆளில்லை, இப்போது அந்த உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து நல்லது என்று எழுதிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. பச்சை குத்தியிருக்கக் கூடாது. நூல் மில்லுக்கு வேலைக்குப் போன புதிதில் பொங்கல் லீவில் தோழிப் பிள்ளைகளோடு போய்த் தோளில் ரோஜாப்பூ குத்திக்கொள்கிறேன் என்று நின்றாள், நான் அழுது தடுத்தேன், "பாத்தியா, உன் அழுகையாலதான் எனக்கு வேலை கிடைக்கப் போகுது" என்று போன வாரம் கன்னத்தைக் கிள்ளினாள். கலியாணம் ஆகவில்லை என்று சான்றிதழ் வேணும், அதற்கு கிராம அலுவலரிடம் போனபோது அவர் அவளை மேலும் கீழும் பார்த்து, "ஆகலைங்கறதுக்கு நான் சாட்சி சொல்லணுமாக்கும், நல்ல ராணுவம்" என்றார். ஓட்டம், நீளத் தாண்டல் பத்தடி, உயரத் தாண்டல் மூன்றடி, எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் விடியற்காலை ஓடி ஓடிச் சரிபண்ணிவிட்டாள். எழுத்துத் தேர்வு போன தடவை தவறி இந்தத் தடவை தேறிவிட்டது. இதுதான் கடைசி. அடுத்த தடவைக்கு வயது தாண்டிவிடும். காது ஒன்றுதான் பாக்கி. "ம்மா, தூங்கிட்டியா?" செபஸ்தியார் என்றேன். "செபஸ்தியார்."

செபஸ்தியார் என்று ஏன் சொன்னேன். அவரும் படைவீரர், உடம்பெல்லாம் அம்பு. வாயில் வந்துவிட்டது, வராமல் இருந்திருக்கலாம். நான் ராணுவம் என்று முதலில் பார்த்தது ஒரு பெட்டியைத்தான். பக்கத்துக் கோயில் பங்கில் ஒரு பையன், எல்லையில் என்றார்கள், கொடி போர்த்திக் கொண்டுவந்து கோயில் முன்னால் இறக்கினார்கள், திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அவன் அம்மா அழவே இல்லை, பெட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, வந்திருந்த ஆபீசரிடம் "இதுக்குள்ள அவந்தானா சார், நல்லாப் பாத்துத்தானே எடுத்துட்டு வந்தீங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், அவர் ஒவ்வொரு தடவையும் "அவர்தாம்மா" என்றார். அந்த "தாம்மா" எனக்கு ராத்திரியெல்லாம் கேட்கும். பெண்பிள்ளைகளை அங்கே முன்னால் அனுப்ப மாட்டார்கள், மிலிட்டரி போலீஸ் வேலை, கேட்டில் நிற்பது, வண்டிகளைப் பார்ப்பது என்று பெருமாள்சாமி அண்ணன் சொன்னார், சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். திருப்பூரிலிருந்து என் மூத்தவன் ராயன் போனில் குதிக்கிறான். "ஏம்மா, துப்பாக்கியத் தூக்கிட்டு நின்னா எவன் பொண்ணு கேட்டு வருவான், தெருமுனையிலயே பயந்து திரும்பிருவான்." பக்கத்தில் இருந்து பெனி, "அப்படித் திரும்புறவன் எனக்கு வேணாம்ணே, உன்னை மாதிரி ஆளுகதான் திரும்புவாங்க" என்றாள். அவன் விடவில்லை. "நாலு வருசம்தான் வேலை, அப்புறம் நாலுல ஒருத்தியத்தான் வச்சுக்குவாங்க, மத்த மூணு வீட்டுக்கு." "நாலு வருசம் மில்லுல நின்னா மட்டும் எனக்குச் சிலை வைக்கிறாங்களா?" இவள் அப்பா லாரியில் நாக்பூர் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார், அவரைக் கேட்டால், "உன் மக, உன் ஆண்டவரு, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரல" என்று போனை வைத்துவிட்டார். சரி, ஆண்டவரையே கேட்போம் என்று ஒரு மாதமாக ஜெபமாலை சொல்கிறேன், அந்த ஜெபம்தான் சரியாக இல்லை. முதல் மணியில் என் பிள்ளை தேறட்டும் என்கிறேன். அடுத்த மணிக்கு விரல் போகும்போதே அந்தப் பெட்டியின் ஓரம் விரலில் தட்டுப்படுகிற மாதிரி இருக்கிறது, வேண்டாம், நீரே ஏதாவது சொல்லித் தடுத்துவிடும் சாமி, நான் தடுத்ததாக இருக்கக் கூடாது என்கிறேன். ஒரு மணிக்குப் போகட்டும், ஒரு மணிக்கு வேண்டாம். ஆண்டவர் எந்த மணியை எடுத்துக்கொள்வார். ஜெபம் செய்யத் தெரியாதவள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை, கோயிலில் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் என்றால் கூட்டத்துக்கு முன்னால் நின்று சொல்வது நான்தான். "ம்மா, வலது காது போதும். மாத்துறேன்." விரலை மாற்றி வலது காதை அடைத்துக்கொண்டாள். இனி இடது. மில்லில் அவள் நிற்கிற இடத்தில், இடது பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே காற்றடிக்கிற கம்பரசர் மெஷின் ரூம்.

அதை நான் பார்த்திருக்கிறேன். கலியாணத்துக்கு முன்னால் நானும் அதே மில்லில்தான் இருந்தேன், அதே கூடம், ஓட்டுக் கூரை போய் இப்போது தகரக் கூரை, மெஷின் புதுசு, இரைச்சல் மட்டும் அதே இரைச்சல். முதல் நாள் உள்ளே போனபோது யாரோ தலையை இரண்டு கையாலும் பிடித்து அமுக்குகிற மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது, பழகிவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை. உள்ளே யாரும் குரலில் பேசுவதில்லை. பேசி என்ன பிரயோசனம். வாயை அசைத்தால் போதும், அந்தக் கோடி மெஷினில் சைடு பார்க்கிறவளுக்குப் புரிந்துவிடும். விரலைச் சுழற்றினால் நூல் சுற்றுகிற கோன் நிறைந்துவிட்டது, இல்லாத மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் வருகிறார், வயிற்றைத் தொட்டால் பசி, அடிவயிற்றைத் தொட்டால் அது வேறு. எத்தனை கதை பேசியிருக்கிறோம், எத்தனை பேருக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறோம், ஒரு சத்தம் வராமல். பெனி சேர்ந்து முதல் லீவுக்கு வந்தபோது, திருப்பலி நடக்கும்போதே சாமியாருக்குத் தெரியாமல் பெண்கள் பக்கத்தில் இந்த ஓரத்தில் நானும் அந்த ஓரத்தில் அவளுமாக வாயசைத்துப் பேசிக்கொண்டோம், குழம்புக்கு உப்புப் போட்டியா, போட்டேன், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முழங்காலில் குனிந்துகொண்டாள். அதை நான் ஒரு சந்தோஷமாகத்தான் வைத்திருந்தேன். இங்கே வந்தாலும் அவள் டிவியைச் சத்தமாக வைப்பாள், நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வர மாட்டாள், திமிர் என்று நினைத்துக்கொள்வேன். இரைச்சலுக்குக் காதில் அடைத்துக்கொள்ள உருண்டை தருவார்களாமே என்று கேட்டதற்கு, "வெளிய இருந்து பாக்க ஆள் வர்ற அன்னைக்கு மட்டும் குடுப்பாங்கம்மா, சாயங்காலம் திருப்பி வாங்கிருவாங்க" என்றாள். இன்றைக்குக் காலையில் மில் சூப்பர்வைசர் தனக்கோடி போன் பண்ணினான். லீவு முடிந்துவிட்டதாம். "திங்கக்கெழம மொத ஷிஃப்ட்டுக்கு ஆள் இல்லம்மா. உங்க மக வருதா, இல்ல வேற பிள்ளையப் போட்டுக்கவா? மிலிட்டரி மிலிட்டரின்னு ஓடிட்டிருக்காம், கேள்விப்பட்டேன். எல்லாம் போயிட்டு இங்கதான் வரும். இப்ப வேற ஆளப் போட்டா அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது." நான் என்ன சொன்னேன், ஆண்டவர் சித்தம், யோசிச்சுச் சொல்றேன் என்றேன். "அஞ்சு மணிக்குக் கூப்பிடுறேன், முடிவாச் சொல்லிருங்க" என்றான். அதிலும் ஒரு மணிக்கு ஆம், ஒரு மணிக்கு இல்லை. போன் நடு அறைத் தையல் மெஷின் மேல் இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது, கறுப்பாக, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி.

பூசணிக்காய் என்றேன். பயந்துகொண்டே சொன்னேன். "பூசணிக்கா." வந்துவிட்டது. இடது காதில் வந்துவிட்டது. சூசையப்பர். "சூசையப்பர்." தேங்காய். "தேங்கா." ஐப்பசி. "ஐப்பசி." ஒன்றுக்கும் தாமதமில்லை, வலது காதுக்கு எப்படியோ அப்படியே இதற்கும், எனக்கு உள்ளே என்னவோ தளர்ந்து இறங்கியது, சந்தோஷம்தான் என்று நினைத்தேன், ஆனால் சந்தோஷத்துக்கு அடியிலே ஒன்று கிடந்தது, அப்படியானால் தடுக்கிறதற்கு இனி ஒன்றுமே இல்லை, பல் தடுக்கவில்லை, கால் தடுக்கவில்லை, உயரம் தடுக்கவில்லை, காதும் தடுக்கவில்லை, ஆண்டவர் எந்த மணியை எடுத்துக்கொண்டார் என்று தெரிந்துவிட்டது, இனி ரயில்தான், அப்புறம் பெங்களூருவோ எங்கேயோ, தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்பாள், காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வாள். அடுப்பு மேலே கூரையில் பதித்திருக்கிற கண்ணாடித் தகட்டின் வழியே சாய்ந்த வெயில் நேராக என் முகத்தில் அடித்தது, கண்ணில் நீர் கோத்தது, வெயில் கூசியதால் மட்டும் இல்லை. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தேன். வெண்டைக்காய் என்று சொல்லத்தான். உதடு மட்டும் போயிற்று, மூச்சுகூட வெளியே வரவில்லை, அடைத்த தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பச் சொல்லலாம் என்று நான் எச்சிலை விழுங்குவதற்குள், "வெண்டக்கா" என்றாள். நான் சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லையே. காது எப்படிக் கேட்டது. புதுமை, ஆண்டவர் செய்த அற்புதம் என்று ஒரு விநாடி, ஆமாம், ஒரே ஒரு விநாடி, உடம்பு புல்லரிக்க நான் ஆண்டவர் படத்தைப் பார்த்தேன். மகளின் தோளுக்கு மேலே அவர் முகம், கீழே அவர் காட்டுகிற அந்த நெஞ்சு, முள்முடி சுற்றிய இருதயம், அதன்மேல் கண்ணாடி, அந்தக் கண்ணாடியில் வெள்ளையாக, சின்னதாக ஒன்று அசைந்தது. கையிலிருந்த ஜெபமாலையை லேசாகத் தூக்கினேன். அதுவும் தூக்கியது. முன்னறை இருட்டில் அந்தக் கண்ணாடிக்குள் வெயில் அடிக்கிற என் முகம், நெற்றி, மூக்குத்தி, வாய். எல்லாம் பளிச்சென்று. சோதித்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு மனம் சொன்னது, இன்னொரு மனம் சொல்லி முடிப்பதற்குள் நான் மூச்சை அடக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல், மில்லில் பேசுகிற மாதிரி உதட்டை மட்டும் அசைத்தேன், பாகற்காய். "பாகக்கா" என்றாள் என் மகள், சுவரைப் பார்த்தபடி, தெளிவாக, ஒரு குறையும் இல்லாமல்.

நான் நடந்து போனேன். கட்டிலில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து மேலே இருந்த துண்டை எடுத்தேன். அவள் பக்கத்தில் போய், அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, ஆண்டவரே மன்னித்துக்கொள்ளும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, படத்தின் மேல் துண்டைப் போட்டு ஆணியில் சொருகினேன். பெரிய வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கோயிலில் புனிதர் சுரூபங்களைத் துணி போட்டு மூடுவார்களே, அப்படி இருந்தது, அதை ஒவ்வொரு வருஷமும் நான்தான் கூடமாட நின்று மூடுகிறேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஏம்மா மூடுறே என்று அவள் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன், கேட்கவில்லை, விரலைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை, கழுத்து மட்டும் கொஞ்சம் குனிந்தது. அதில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்டவர் முன்னால் போய் அவளாகவே நின்றது, வாசல் கதவை அவளாகவே சாத்தியது. அவளுக்குத் தெரியும், அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரியும், என்னை ஏமாற்றுகிறதற்கா, இல்லை, இந்த ஒரு சாயங்காலமாவது கேட்கிறது என்று இருந்துவிட்டுப் போகலாம் என்றா. நான் திரும்பி வந்து சாக்பீஸ் கோட்டில் நின்றேன். என்ன சொல்வது. காய்கறி வரவில்லை, புனிதர் பேர் ஒன்றும் வரவில்லை, எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள். போயிட்டு வா என்றேன். மூச்சால், உண்மையான ரகசியமாக. முதுகு அசையவில்லை. நான் சொன்னதே தெரியாமல், நான் சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டு, அவ்வளவு நேராக, பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றும்போது நிற்கிற மாதிரி நிற்கிறாள். என் பிள்ளையை யாரும் இப்படி நிறுத்தி வைத்து நான் பார்த்ததில்லை. கோட்டைத் தாண்டினேன். போயிட்டு வா. ஒன்றும் இல்லை. அடுப்படி வாசற்படியில் காலை வைத்து, போயிட்டு வா. ஒன்றும் இல்லை. நான் எல்லையைப் பற்றிப் பயந்தேன், பனியைப் பற்றிப் பயந்தேன், திறக்கக் கூடாத பெட்டியைப் பற்றிப் பயந்து பயந்து ஒரு மாதமாக மணிகளைத் தேய்த்தேன், நான் பயந்துகொண்டிருந்த பக்கம் என்னமோ வாசல் பக்கம், எடுத்துக்கொண்டு போனதோ வேறு பக்கம், இரண்டு தெரு தள்ளிப் பஸ் ஏறினால் போகிற இடம், லீவுக்கு லீவு இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் குறைத்துக் குறைத்து வீட்டுக்கு அனுப்பிய இடம், அதற்கு ஒரு மணிகூட நான் சொல்லவில்லை. கட்டில் கால் பக்கத்தில் வந்துவிட்டேன். போயிட்டு வா. கழுத்தில் ஒரு சின்ன அசைவு, இல்லை, என் நினைப்பு. இன்னும் கொஞ்சம், தையல் மெஷின், அதன் சில்லென்ற இரும்புச் சக்கரம் என் கையில் பட்டது, போயிட்டு வா, பாப்பா.

"போயிட்டு வா" என்றாள். அப்புறம், திரும்பாமலே, "எங்க நிக்கிறம்மா?" என்று கேட்டாள். கோட்டுலதான் என்று சொல்லிவிடலாம். அவள் சிரித்துக்கொண்டு ரயில் ஏறுவாள். நான் இதுவரைக்கும் பெரிய பொய் ஒன்றும் சொன்னதில்லை, சொன்னால் இன்றைக்குச் சொன்னதாக இருக்கட்டும், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. துண்டு போட்ட படத்தைப் பார்த்தேன். "மெஷின்கிட்ட" என்றேன். "மெஷின்னா பாதி." "பாதிதான்." "போன மாசம் என்கூட மில்லுல வேலை பாக்குற மகேஸ்வரி இப்படிச் சொல்லிப் பாத்தா. பக்கத்துல வந்து நின்னாத்தான் கேட்டுச்சு." குரலில் அழுகை இல்லை, கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "மில்லுக்குப் போகாம இருந்ததுல கொஞ்சம் வந்திருக்கும்மா. பாதி வந்திருக்கு. போய் நிக்கிறேன். அவங்க வேணாம்னா அவங்களே சொல்லட்டும். ஆனா நான் மறுபடியும்," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள், அவள் நிறுத்திய இடத்தில் என் கைக்குப் பக்கத்திலேயே போன் அடித்தது. தையல் மெஷின் பலகை முழுக்க அதிர்ந்தது, ஊசி, கத்தரிக்கோல், பித்தான் டப்பா எல்லாம் கிணுகிணுத்தன. சத்தம் அவளுக்கு இடது பக்கம்தான், கேட்டதோ கேட்கவில்லையோ, திரும்பவில்லை. முடிவு சொல்கிற போன் என்றால் அவளிடம் கொடுத்துப் பேசச் சொல்கிறவள் நான், இன்றைக்கு என் கையே எடுத்தது. "அம்மா, தனக்கோடி பேசுறேன், என்ன முடிவு பண்ணுனீங்க?" அவனுக்குப் பின்னாலிருந்து அது வந்தது, முப்பது வருஷத்துக்கு முந்தி என் தலையை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிய அதே இரைச்சல், போன் ஓட்டை வழியாக என் வீட்டுக்குள், ஆண்டவர் படத்துக்கு முன்னால். வர மாட்டா தம்பி என்றேன். சாயங்காலம் பூராவும் ரகசியமாகவே பேசிப் பேசித் தொண்டை அப்படியே நின்றுவிட்டது போல. "என்னம்மா? சத்தமாச் சொல்லுங்க, இங்க ஒண்ணும் கேக்கல!" வர மாட்டா என்றேன். "ஹலோ? மெஷின் ஓடுதும்மா, கொஞ்சம் சத்தமா!" ஜெபமாலை என் விரலில் சுற்றிக்கொண்டு இறுகியது, எந்த மணியில் இருக்கிறேன் என்று பார்க்கவில்லை, ஒரே மணிதான், எல்லாம் ஒரே மணிதான், வயிற்றிலிருந்து, மில் கேட்டில் ஷிஃப்ட் விடும்போது தோழிகளைக் கூப்பிட்ட அந்தக் குரல், கலியாணத்துக்கு அப்புறம் இந்தத் தெருவில் ஒருத்தரும் கேட்டிராத குரல் எழும்பி வந்தது. "எம்மக வர மாட்டா! இன்னைக்கும் வர மாட்டா, ராணுவத்துல வேணாம்னு அனுப்புனாலும் வர மாட்டா! உன் மெஷினுக்கு வேற காதப் பாத்துக்க!" எதிர்வீட்டில் பெருமாள்சாமி அண்ணன் ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. பின்வீட்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. போனை வைத்துவிட்டு நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன், பெனி திரும்பினாள், இடது பக்கமாகத் திரும்பினாள், வலது காதை அடைத்த விரல் இன்னும் அந்தக் காதிலேயே இருந்தது.